தலைக்கு ஆறு

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆடிட்டர். பார்த்த வேலை லிஃப்ட் மெக்கானிக். எங்கள் அறைக்கு வந்த இரண்டாம் நாள் கடைக்குப் போய் ஒரு துணி சோப்பு வாங்கி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து டைரியை எடுத்து, “சோப்பு, இரண்டே கால்” என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாஸ்டர், “வாங்க ஆடிட்டரே, வாங்க” என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் காணாமல் போயிற்று.

வெளிநாட்டில் நாங்கள் தங்கியிருந்த, நான்கு கட்டில் போட்ட அறை அது. மாஸ்டர் ஓர் அலுவலகக் கேண்டீனில் சமையல் வேலை பார்த்தார். நான் தண்ணீர் கேன் வேன் ஓட்டினேன். நான்காவது கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் போனில் பேசினால் மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம். ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் ஆடிட்டரின் குடும்ப விவகாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் நேரில் பார்க்காதது லிஃப்டில் நடந்த அந்த ஒரு சம்பவம்தான். அதையும் அவரோடு ஜோடியாக வேலை பார்த்த மெக்கானிக்கிடம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டைரி அவர் கம்பெனி கொடுத்தது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்கு என்ன செய்தோம் என்று குறிப்பதற்காகக் கொடுத்தது. அவர் அதில் சொந்தக் கணக்கை எழுதினார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதில் வீட்டுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அறை வாடகையில் தன் பங்கு இருநூற்று அறுபது, சாப்பாட்டுப் பங்கு இருநூற்றுப் பத்து, போனுக்கு முப்பத்தைந்து, மற்ற சில்லறை ஐம்பத்தைந்து. மிச்சம் தொண்ணூறு. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பிவிடுவார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்பார்களே, அதை நான் அவரிடம்தான் பார்த்தேன். பற்பசை டியூபைக் கத்தரியால் பிளந்து உள்ளே விரலை விட்டு வழிப்பார். கம்பெனி வண்டி இல்லாத நாளில் இரண்டு பஸ் நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பார், அங்கே டிக்கெட் கட்டணம் ஒரு படி குறைகிறது என்று. முட்டை விலை ஏறினால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்காகக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்குக் கொடுத்த காசை இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை. டைரியில் மட்டும் எழுதி வைத்திருந்தார்: “டிரைவர் காய்ச்சல், பதினெட்டு.”

அவருக்கு ஒரு தொகை குறி. பதினைந்தாயிரம். அது கையில் சேர்ந்துவிட்டால் ஊருக்குப் போய்ச் சின்னதாக லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யலாம். ஒன்பதாவது படிக்கும் பெண்ணின் கல்லூரிச் செலவையும் சமாளித்துவிடலாம். ஆனால் மாதம் தொண்ணூறு நின்றால் அந்தத் தொகைக்கு எத்தனை வருடம்? அந்தத் தொண்ணூறும் நிற்பதில்லை. வலது பக்கத்தின் அடியில் “எதிர்பாராதது” என்று ஒரு பத்தி வைத்திருந்தார். அதுதான் அவருடைய பிராணனை வாங்கியது.

“என்னங்க, தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சு.”

“போன மாசம்தானே மிக்ஸின்னே?”

“அது மிக்ஸி, இது மோட்டார்.”

“நான் இருபத்தோரு மாசத்தையும் எடுத்துப் பாத்துட்டேன்மா. ரெண்டே மாசம்தான் இந்தப் பத்தியில ஒண்ணும் இல்ல. மாசாமாசம் வந்தா அதுக்குப் பேரு எதிர்பாராததா?”

“நான் என்ன பண்ணட்டும்? மோட்டார் என்னைக் கேட்டுக்கிட்டா எரியுது?”

ஆடிட்டர் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, “சராசரி நூத்தைம்பது, மாஸ்டர்! சராசரி போட்டே பாத்துட்டேன்” என்று சுவரைப் பார்த்துக் கத்துவார். மாஸ்டர் வெங்காயம் உரித்துக்கொண்டே, “சராசரிய வெச்சுக் குழம்பு வெக்க முடியாது ஆடிட்டரே, நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்பார்.

முடி வெட்டும் யோசனையும் அந்த டைரியிலிருந்துதான் வந்தது. எங்கள் தெருமுனைக் கடையில் முடி வெட்ட ஒரு தடவைக்குப் பதினைந்து. வருடத்துக்கு நூற்று எண்பது. தொண்ணூறு கொடுத்தால் முடி வெட்டும் மெஷினே வாங்கலாம் என்று கணக்குப் போட்டார். வாங்கியும் விட்டார். தன் தலையில் பின்பக்கம் தனக்கே எட்டாது என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதலில் என் தலையில் பழகிப் பார்த்தார். அன்று என் பின்னந்தலை படிக்கட்டு மாதிரி இருந்தது. “லிஃப்ட்காரர் கையில தலையக் குடுத்தா படிக்கட்டுதான் கிடைக்கும்” என்று மாஸ்டர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் தொப்பியோடு வேன் ஓட்டினேன்.

ஆனால் அவருக்கு எந்த வேலையும் அரைகுறையாக விடப் பிடிக்காது. வீடியோ பார்த்தார். தெருமுனைக் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாக அந்தக் கடைக்காரரின் கை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார். மூன்றாவது மாதம் காதோரம் ஒரு கோணல் இல்லாமல் எடுத்தார். எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு பக்கத்துக் கட்டடம். வார விடுமுறையில் மொட்டைமாடியில் துணிக்கொடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் பழைய செய்தித்தாள், கழுத்தைச் சுற்றிக் கட்ட ஒரு சலவை வேட்டி. தலைக்கு ஆறு. கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் போர்டெல்லாம் கிடையாது. காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் உட்காருவார். மாதம் நாற்பது தலை. இருநூற்று நாற்பது.

அந்த வரவை இடது பக்கத்தில் சம்பளத்துக்குக் கீழே தனி வரியாக எழுதினார்: “முடி வெட்டு வரவு.” மறைக்கத் தோன்றவில்லை. மனைவிக்கு முதல் மாதமே சொல்லிவிட்டார். அந்த அம்மா, “கை வலிக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் டைரியைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பு ஓவர்டைம் கிடைத்தபோது மிச்சம் பிடித்ததையும் சேர்த்துக் கையில் இருந்தது இரண்டாயிரத்து நூறு. தொண்ணூறும் இருநூற்று நாற்பதும் முந்நூற்று முப்பது. எதிர்பாராதது நூற்றைம்பது போனால் மாதம் நிற்பது நூற்று எண்பது. பதினைந்தாயிரத்துக்கு இன்னும் ஆறு வருடம். பேனாவை மூடினார். “என் பொண்ணு அதுக்குள்ள காலேஜே முடிச்சிருவா” என்றார்.

அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

அண்ணன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலகப் பணி. தம்பி வெளிநாட்டில் இருக்க, தம்பியின் வீட்டுக் காரியங்களை அவர்தான் முன்னால் நின்று பார்த்தார். அந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி போடலாம், வாடகை வரும் என்பதும் அவருடைய யோசனைதான். கம்பி, சிமெண்டு, கொத்தனார் எல்லாம் அவர் பொறுப்பு. அன்று கம்பி விலையைக் கணக்குப் பார்க்கத் தம்பி மனைவியின் போனை வாங்கியிருக்கிறார். அதில் அந்த மாத டைரிப் பக்கம் கண்ணில் பட்டுவிட்டது.

“தம்பி, முடி வெட்டு வரவுன்னு போட்டிருக்கே, அது என்னடா?”

“முடி வெட்டறேண்ணே. லீவு நாள்ல.”

“யாருக்கு?”

“வர்றவங்களுக்கு.”

“யாரு எவருன்னு பாக்காமயா?”

“தலைன்னு ஒண்ணு இருந்தாப் போதும்ணே, வெட்டிருவேன்.”

“விளையாடாதே. நம்ம குடும்பத்துல யாராவது இதைச் செஞ்சிருக்கோமா? நாளைக்கு உன் பொண்ணுக்கு ஒரு இடம் வந்தா, அப்பா என்ன பண்றாருன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?”

“லிஃப்ட் மெக்கானிக்னு சொல்லு. அதானே வேலை.”

“வெளிய தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? ஸ்கூல்ல நாலு பேர் முன்னாடி நான் நிக்க வேண்டாமா? விட்டுரு அதை.”

“சரி, விட்டுடறேன். மாசம் இருநூத்தி நாப்பது குறையும். பரவாயில்லையா?”

“பணத்தைக் குறைக்கச் சொல்லலியே. ஓவர்டைம் கேளு. ஆளு வெளிநாட்டுல இருக்கே, வேற வழியா இல்ல?”

ஆடிட்டர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார், அது ஏதோ வேறு மொழியில் பேசியது போல. பிறகு “சரிண்ணே” என்று வைத்துவிட்டார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் இவரைப் படிக்க வைத்தது அந்த அண்ணன்தான். அது உண்மை. அந்த உண்மைதான் ஒவ்வொரு தடவையும் இவர் வாயை அடைத்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் ஓவர்டைம் கேட்டார். “இருக்கறவங்களுக்கே குறைச்சிருக்கு” என்று பதில் வந்தது. அந்த வார விடுமுறையில் நாற்காலி மாடிக்குப் போகவில்லை. ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். “கை சரியில்ல” என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாடி கட்ட மட்டும் முடி வெட்டற காசு இனிச்சுதா ஆடிட்டரே? உங்க அண்ணன்கிட்ட அதைக் கேளுங்க.”

“அவருக்கு அது முடி வெட்டற காசுன்னு தெரியாது மாஸ்டர்.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? போட்ட செங்கல்லைப் பேத்துத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.”

அன்று மாலை நானும் அவரும் மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

“எங்க ஊர்ல எங்களுக்கு முடி வெட்டறவர் ஒருத்தர் இருந்தார், டிரைவர். எங்க வீட்டுக்கு வந்தா பின்வாசல் வழியாத்தான் வருவார். ஒரு நாள்கூட அவரை உக்காரச் சொன்னதில்ல. எங்க அண்ணன் காசை அவர் கையில குடுக்க மாட்டார், செவுத்து மேல வெச்சிட்டுப் போயிருவார். அவர் வந்து எடுத்துக்குவார்.”

நான் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தேன்.

“அண்ணன் மட்டும்னு சொல்லக் கூடாது. நானும் அப்படித்தான் வெச்சிருக்கேன். எவ்வளவோ தடவை. அஞ்சு மணி நேரம் நின்னா இடுப்பு எப்படிப் போகும்னு இப்பத்தான் தெரியுது. அவர் நாப்பது வருஷம் நின்னிருப்பார்.” பிழிந்த சட்டையை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டே இருந்தார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மாதம் முடிந்தது. எப்போதும் வீட்டுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பதோடு, மாடிக்கு அவசரம் என்று கேட்பதையும் சேர்த்து அனுப்புவார். இந்த மாதம் முடி வெட்டு வரவு இல்லாததால் அவசரத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை. வழக்கமானதை மட்டும் அனுப்பினார்.

அடுத்து நடந்ததை அவருடைய ஜோடி மெக்கானிக் எனக்கு இப்படிச் சொன்னார். ஒன்பது மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம். கதவு உருளை தேய்ந்து சத்தம் வருகிறது என்று புகார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று பார்க்க வேண்டிய வேலை. ஏறுவதற்கு முன் அங்கே உள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். தூக்கத்தில்கூட மறக்காத பழக்கம் அது. ஆடிட்டர் ஒரு காலை எடுத்து வைக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார்: “கம்பிக்காரன் வாசல்ல நிக்கிறான். இந்த மாசம் ஏன் குறையுது?”

அதைப் படித்துக்கொண்டே மறு காலையும் எடுத்து வைத்துவிட்டார். பொத்தானை அழுத்தவில்லை. பின்னால் கதவு மூடியது. மேல்மாடியில் யாரோ லிஃப்டுக்கு அழுத்தினார்கள். அது அவரைச் சுமந்துகொண்டு மேலே போனது.

அவர் போட்ட கூச்சல் கேட்டு ஜோடி மெக்கானிக் படியில் ஓடி, அடுத்த மாடிக் கதவைச் சாவி போட்டு இழுத்துத் திறந்தார். கதவு திறந்தால் லிஃப்ட் நின்றுவிடும். நின்றது. அதற்குள் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தாங்கி ஹெல்மெட்டில் இடித்து, ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. முழங்கை தோல் உரிந்திருந்தது. வேறு காயம் இல்லை. “குந்தி உக்காந்து தலைய முழங்காலுக்குள்ள வெச்சிக்கிட்டிருந்தார். வெளிய வான்னா வர மாட்டேங்கறார். கையில போன் மட்டும் கெட்டியாப் புடிச்சிருந்தார்” என்றார் அந்த மெக்கானிக்.

கம்பெனி எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தது. இரண்டு நாள் சம்பளமும் பிடித்தது.

அறைக்கு வந்தவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. முழங்கையில் கட்டு எதற்கு என்று கேட்டதற்கு, “உராசிருச்சு” என்றார். ஒன்றாம் தேதி டைரியில் எழுதினார்: “எதிர்பாராதது: சம்பளப் பிடித்தம், நூற்று நாற்பத்தாறு.” மூன்று வருடத்தில் அந்தப் பத்தியில் அவருக்கென்று ஒரு செலவு வந்தது அதுதான் முதல் தடவை. வழக்கம்போலப் படம் எடுத்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் மனைவி கூப்பிட்டார்.

“என்னங்க, எதுக்குச் சம்பளம் புடிச்சாங்க?”

“சும்மா. கம்பெனி ரூல்ஸ்.”

“மூணு வருஷமா ஒரு நாள்கூடப் புடிக்கல. இப்ப என்ன ரூல்ஸ்? சொல்லுங்க.”

சொன்னார். முதலில் விட்டு விட்டு, பிறகு ஒரே மூச்சாக. அந்த அம்மா அழுவார் என்று நாங்கள் நினைத்தோம். அழவில்லை. “நாளைக்கே அந்த மெஷினை எடுங்க” என்றார்.

“அண்ணன்?”

“அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இன்னொண்ணு கேக்கறேன். மாசாமாசம் உங்க கணக்கை அனுப்பறீங்க. என் கணக்கு என்னன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

ஆடிட்டர் திகைத்துவிட்டார். “நீ கணக்கு எழுதறியா?”

“பின்னே? நீங்க மட்டும்தான் எழுதுவீங்களா?”

பெண்ணின் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் எழுதியிருந்தார். நான்கு படங்கள் வந்தன. பென்சில் எழுத்து, கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. ஆடிட்டர் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து டைரியில் இறக்கினார். இறக்க இறக்க அவர் முகம் சிவந்தது. அனுப்பும் ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் வீட்டுக்கு ஆவது அறுநூற்றுப் பத்து. பால், மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்டு எல்லாம் அதற்குள். மிச்சம் அறுநூற்று நாற்பது மாதாமாதம் மாடிக்கு. அது போதாதென்று, இவர் எதிர்பாராதது என்று எழுதி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் மணல் லாரி, கொத்தனார் முன்பணம், பலகை வாடகை. மோட்டார் உண்மையில் எரிந்ததுதான். அது மாடிக்குத் தண்ணீர் ஏற்றி ஏற்றி எரிந்தது.

“ஏம்மா இதையெல்லாம் சொல்லல?”

“சொன்னேன். மாடி வேலைக்குத்தான்னு சொன்னேன். நீங்க, அண்ணன் பாத்துக்குவார்னு சொன்னீங்க. அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?” பிறகு, “கீழயே ஒரு ரூம் சும்மா பூட்டிக் கிடக்கு. நாம மூணு பேரு. வாடகைக்கு ஆள் வரும்னு அண்ணன் சொல்றார். இந்தத் தெருவுல மூணு வீட்டு மாடி காலியாக் கிடக்கு, போய்ப் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

ஆடிட்டர் எழுந்து அறைக்குள் நடந்தார். நான்கு கட்டிலுக்கு நடுவே நடக்க எவ்வளவு இடம் இருக்கும்? மூன்றடி போய்த் திரும்பி மூன்றடி. “முட்டை வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன் டிரைவர். ரெண்டு ஸ்டாப் நடந்தேன். மூணு வருஷமா அரைக் காசு, கால் காசு எல்லாம் எழுதினேன். பெரிய ஓட்டையை ஒரே வரியில ‘வீட்டுக்கு’ன்னு எழுதி மூடி வெச்சிருக்கேன். எனக்கு ஆடிட்டர்னு பேரு வேற!” டைரியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அட்டை கிழிந்தது. மாஸ்டர் குனிந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

அடுத்த விடுமுறைக் காலையில் அண்ணனைக் கூப்பிட்டார். நாங்கள் வெளியே போகிறோம் என்றோம். “வேண்டாம், இருங்க” என்றார். துணைக்கு ஆள் வேண்டும் போலிருந்தது.

“அண்ணே, மாடி வேலையை நிறுத்திரு.”

“என்னது?”

“நிறுத்திரு. இதோட போதும்.”

“பைத்தியமா உனக்கு? செவுரு பாதி எழும்பியிருக்கு. கம்பியெல்லாம் வானத்தைப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்குது. ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும்.”

“கொத்தனாருக்குக் குடுத்த முன்பணம் திரும்பி வராது.”

“வர வேண்டாம்.”

“எல்லாம் அந்த முடி வெட்டற சகவாசம். ஆளே மாறிட்டே. இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்?”

ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார். “நீ படிக்க வெச்சேண்ணே. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா உன் மெசேஜைப் படிச்சிக்கிட்டு அன்னிக்கே செத்திருப்பேன். உங்கிட்ட சொல்லல. எதுக்கு இங்க நிக்கறேன்னு எனக்கே தெரியாம நின்னிட்டிருக்கேன். முடி வெட்டறதுல எனக்கு வெக்கம் இல்ல. உனக்கு இருந்தா, யாராவது கேட்டா என் தம்பியே இல்லேன்னு சொல்லிரு.”

“சரி” என்றார் அண்ணன். வைத்துவிட்டார்.

ஆடிட்டர் போய் மெஷினை எடுத்து, பல்லில் எண்ணெய் விட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் போய் முதலில் உட்கார்ந்தேன். என் காதோரத்தில் ஒரு கீறல் விழுந்தது.

அத்தோடு எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு மாத இடைவெளியில் ஆட்கள் வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் தலைக்கு ஐந்துக்கே வெட்டினார். முதல் மாதம் இருபத்தேழு தலைதான். ஆடிட்டருக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. “பதினஞ்சாயிரம் பதினெட்டு மாசத்துல சேர்ந்துரும்னு கணக்கு வருது. நாப்பது தலை இருந்தா இன்னும் சீக்கிரம். அந்த ஒரு மாசத்தை அண்ணன் பேச்சைக் கேட்டு விட்டேன் பாருங்க” என்று பல நாள் புலம்பினார். மாடி நின்ற பிறகும் செலவு வந்துகொண்டுதான் இருந்தது. பெண்ணுக்குப் பல்லில் கம்பி போட வேண்டும் என்றார் டாக்டர். கீழ் அறையை வாடகைக்கு விட்டார்கள். வந்தவர்கள் இரண்டு மாதம் இருந்து குழாயை உடைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் இவர்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். பள்ளி விட்டுப் போகும்போது எதிர்ப்புறமாகப் போவதாக மனைவி சொன்னார். அதைக் கேட்ட அன்று ஆடிட்டர் சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. ஒன்றாம் தேதி இரண்டு பக்கமும் கணக்கு அனுப்பினார்கள். இவர் டைரியைப் படம் எடுத்து அனுப்புவார், அவர் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவார். பிறகு ஒரு மணி நேரம் சண்டை. ஷாம்பு எதற்கு, இரண்டு பால் பாக்கெட் எதற்கு என்று இவர். டிரைவருக்கு எதற்கு மறுபடியும் பதினைந்து என்று அவர். ஆனால் யார் எங்கே காசை விடுகிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பதினெட்டு மாதம் இருபத்திரண்டு மாதமாயிற்று. பதினைந்தாயிரம் சேரவில்லை, பதினான்காயிரத்து நானூறில் நின்றது. “மிச்சத்துக்கு இன்னும் இருந்தா இன்னொண்ணு வரும். போதும்” என்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி கணக்கை முடித்துக் கொடுக்க மூன்று வாரம் இழுத்தடித்தது. அந்த மூன்று வாரமும் அவரோடு ஒரே அறையில் இருந்தது எங்களுக்குப் பெரிய சோதனை. கிளம்பும் நாளில் மெஷினை என்னிடம் கொடுத்தார். மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு பெட்டி எடை அரைக் கிலோ கூடிவிட்டது என்று கத்தினார்.

ஊருக்குப் போன நான்காம் நாள் எனக்குப் போன் செய்தார். அண்ணன் வந்தாராம். மூன்று நாள் வராமல் இருந்துவிட்டு, அன்று காலை வாசலில் வந்து நின்றாராம். இவர் நாற்காலியை எடுத்துப் போட்டாராம். உட்கார்ந்து, தம்பி மனைவி கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, “வேலை ஏதாவது பாத்தியா?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பாக்கணும்னேன். ‘எங்க ஸ்கூல்ல புதுசா லிஃப்ட் வைக்கறாங்க, வந்து ஹெட்மாஸ்டரைப் பாரு’ன்னுட்டு அண்ணன் எழுந்து போயிட்டார்.”

“அப்ப சமாதானமா?”

“அது என்னவோ தெரியல டிரைவர். என் முகத்தை அவர் இன்னும் பாக்கல” என்றார்.